கடலூர் போக ராஜகிரி ஏறியவன்

வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துவிடும் காரியத்துக்கு, அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்க்கிற ஆள் ஒருத்தன் எல்லாக் குடும்பத்திலும் இருப்பான். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி என்னுடையது. போட்டிக்கு இதுவரை யாரும் வரவில்லை.

கல்யாணமான புதிதில் என் பெண்டாட்டியை அவள் பிறந்த ஊரான கடலூருக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு எங்கள் பாத்திரக் கடையிலிருந்து கூப்பிடு தூரம். விழுப்புரத்தில் வண்டி மாறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமியார் வீடு. இதற்கு நான் செய்தது என்ன தெரியுமா? அடுக்களை அலமாரி சைசுக்கு ஒரு மரக் கேமராவோடு ராஜகிரி மலை உச்சிக்கு ஏறினேன். (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். போகப் போக எனக்கே சிரிப்பு வராது.)

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. சரோஜா கடலூர் துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவள். அவள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் மணல், மணல் தாண்டினால் கடல். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் பாறை. வாசல் கதவைத் திறந்தாலும் தெருவுக்கு மேலே பாறைதான். வந்த ஒரு வாரத்தில் கேட்டாள்.

"ஏங்க, உங்க ஊர்ல சத்தமே இல்லீங்களே? அல சத்தம் இல்லாம காத யாரோ பொத்தி வெச்சாப்பல இருக்குது. தூக்கமே வரமாட்டேங்குது."

"அதான் எங்க நைனா கொறட்ட வுடறாரே, அது பத்தாதா?" என்றேன். (நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

பெரிய நகைச்சுவை சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு. அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். காலையில் தலையணையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது.

அனுப்பிவைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் பாயசம் குறுக்கே வந்தது. கல்யாணத்தன்று நைனா பெருந்தன்மையாகக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். அவர் இலைக்கு வருவதற்குள் பாயச அண்டா காலி. மாப்பிள்ளையின் அப்பாவுக்கே பாயசம் இல்லை! நைனா எழுந்து கை கழுவினார். செஞ்சிக்கு வந்து சேர்ந்த பிறகு சொன்னார்: "அவங்க வந்து மொறையா கூப்டட்டும். அப்பறம் பொண்ண அனுப்பலாம்." அங்கே என் மாமனார், "மொதல்ல பொண்ண அனுப்பட்டும், அப்பறம் நாங்க வர்றோம்" என்று உட்கார்ந்துகொண்டார். தலை ஆடி வந்தது, போனது. தலை தீபாவளிக்குக்கூட மாமியார் வீட்டுக்குப் போகாத ஒரே மாப்பிள்ளை அந்த வருஷம் ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

"நைனா, சரோஜாவ நாலு நாள் கடலூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன்." இவ்வளவுதான் வசனம். கடையில் இருந்த பெரிய பித்தளை அண்டாவின் முன்னால் நின்று இதைப் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அண்டா ஒவ்வொரு தடவையும் சம்மதித்தது. நைனா கல்லாவில் வந்து உட்கார்ந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"இன்னாடா?" என்பார்.

"ஒண்ணும் இல்ல நைனா. கொடம் ரெண்டு நசுங்கியிருக்குது."

அந்த ஐந்தாறு மாதத்தில் எங்கள் கடையில் நசுங்காத குடம் ஒன்றுகூட மிச்சம் இல்லை, என் வாய்ப்படி.

இந்த நிலைமையில்தான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த கோதண்டம் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையைக் காட்டினான். எனக்கு அவன் பள்ளிக்கூட சிநேகிதன். பத்திரிகையின் நடுவில் இரண்டு பக்கத்துக்கு ஒரே படம். பூமி பிளந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அதல பாதாளத்தில் நூல் மாதிரி ஓர் ஆறு. எங்கோ மைல் கணக்கில் தள்ளியிருக்கிற பாறையின் வெடிப்புகூட எண்ணலாம் போலத் தெரிந்தது.

"எப்படிடா இவ்ளோ தெளிவா வந்துச்சு?"

"பெரிய பிளேட்டு கேமராடா. கண்ணாடித் தகட்டுல எடுக்கறது. தோள்ல மாட்டற டப்பா கேமராவுல எல்லாம் இது வராது. நம்மகிட்ட இருக்குதே மரக் கேமரா, அதுலயும் எடுக்கலாம். பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தா ரெண்டு ஊருக்கு அப்பால நாய் கொரைக்கறதுகூடத் தெரியும்."

அன்று சாயங்காலம் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த முனுசாமி இன்னொரு நெருப்பைப் பற்ற வைத்தான். சிங்கவரத்துக்காரன், எங்களுக்குச் சாமான் தூக்குகிற ஆள். மழை விட்ட மறுநாள் விடியற்காலையில் ராஜகிரி உச்சியில் நின்றால், கிழக்கால கடல் வெள்ளிக் கம்பி மாதிரித் தெரியும் என்றான்.

"நீ பாத்தியா?"

"எங்க நைனா பாத்தாரு."

"அவரு சொன்னாரா?"

"அவரு பாத்ததா எங்க பெரியப்பா சொன்னாரு."

இதைவிட உறுதியான சாட்சி வேண்டுமா? ஓடிப்போய்ச் சரோஜாவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கண்ணில் வெளிச்சம் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"நானும் மேல வரட்டுங்களா?"

புது மருமகள் மலை ஏறுவதா? அதற்கும் நைனாவைத்தானே கேட்க வேண்டும்! "நீ எதுக்குக் கஷ்டப்படணும்? கடலையே கீழ எறக்கிக் கொண்டாந்து குடுக்கறேன். பெருசா பிரிண்டு போட்டு செவுத்துல மாட்டிக்கலாம், எப்ப வேணா பாத்துக்கோ" என்றேன். நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டேன். (அந்த நெஞ்சை இப்போது நினைத்தால் நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.)

மெட்ராஸிலிருந்து ஒரு பெட்டி பிளேட்டு வரவழைத்துக் கொடுத்தான் கோதண்டம். எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலில் சாமி அறைக்குப் போக வேண்டும். அம்மா காலத்து வழக்கம் அது. அம்மா போன பிறகு வீட்டுக்கு வந்த ஒரே பெண்பிள்ளை சரோஜாதான், அவள் அதை இம்மியும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் வழக்கப்படி பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, "இத யாரும் தொடக் கூடாது, ரொம்ப ஒசந்த சாமான்" என்று எச்சரித்துவிட்டுக் கடைக்குப் போனேன். ஏன் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. விஞ்ஞானம் பெண்களுக்குப் புரியாது என்று நினைப்பு. எனக்கே அதற்கு முந்தின வாரம்தான் புரிந்திருந்தது.

இரண்டு நாள் ஐப்பசி மழை அடித்துக் கொட்டி, ஒரு சாயங்காலம் விட்டது. ஸ்டுடியோ இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, பிளேட்டுகளை அவற்றுக்கான மரச் சட்டங்களில் நானே என் கையால் அடைத்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது தலைக்கு மேல் போட்டுக்கொள்ளத் துணி ஒன்று வேண்டும், வெளிச்சம் படாமல் இருக்க. கோதண்டத்தின் கறுப்புத் துணியை எலி தின்றிருந்தது. சரோஜா தன் அரக்குச் சேலை ஒன்றை நாலாக மடித்துக் கொடுத்தாள்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். முனுசாமி கேமராப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். நான் மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். கோட்டையின் முதல் வாசல் தாண்டும்போது நான் ஆங்கிலேயத் துரை. நடு மலையில் வெறும் பாத்திரக் கடைச் செட்டி. மேலே போகப் போக, மூச்சு வாங்குகிற ஒரு பிராணி, அவ்வளவுதான்.

"சாமி, ஸ்டாண்டையும் குடுங்க, நான் தூக்கறேன்" என்றான் முனுசாமி.

"வாணாம், வாணாம், அதுக்குத் தனிப் பக்குவம் இருக்குது" என்று சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கும். மேலே குறுக்கே பாலம். அந்தப் பிளவைப் பார்த்ததும் பத்திரிகையில் பார்த்த படம் ஞாபகம் வந்துவிட்டது. நமக்கும் ஒரு பாதாளம் இருக்கிறதய்யா! பாலத்தைத் தாண்டி ஏறி, ஒரு பக்கம் பிளவின் பாறைச் சுவர் வருகிற மாதிரி, எதிரே கிழக்கு முழுக்கத் திறந்து கிடக்கிற மாதிரி ஓர் இடம் பிடித்தேன். காற்று பிய்த்துக்கொண்டு போனது. கேமராவின் மடிப்புத் துருத்தி கப்பல் பாய் மாதிரி உப்பியது. ஸ்டாண்டின் நடுவில் ஒரு பெரிய கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்தேன்.

உள்ளே சரோஜாவின் வாசனை. சீயக்காயும் கொஞ்சம் தாழம்பூவும். காற்றும் குளிரும் வெளியே நின்றுவிட்டன. என் முகத்துக்கு முன்னால், கேமராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில், உலகம் தலைகீழாகத் தொங்கியது. வானம் கீழே, பாறை மேலே. ஏரிகளெல்லாம் ததும்பி நின்றன, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வேர்க்கடலை வயல், பனைமரம், எறும்பு மாதிரி ஒரு கட்டை வண்டி. எல்லாவற்றுக்கும் கடைசியில், வானம் தொடங்குகிற இடத்தில், சூரியன் எழும்புகிற நேரத்தில், ஒரு கோடு. மெல்லிசாக, வெள்ளையாக. அந்த நிமிஷத்தில் அவள் பக்கத்தில் இல்லையே என்று நெஞ்சு பதறியது பாருங்கள், அதைப் போல ஓர் ஏக்கம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. பெண்டாட்டி இதே மலைக்குக் கீழே, அடுக்களையில் இருக்கிறாள். நான் அவள் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு அவளுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

சேலையை விலக்கி வெறும் கண்ணால் பார்த்தேன். கோடு இருந்தது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"முனுசாமி, நீ பாரு."

அவனும் உள்ளே தலையை விட்டான். அலறிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஐயோ சாமி, ஊரே கவுந்து கெடக்குது!"

"கடல் தெரியுதா, அதச் சொல்லு."

"ஊரே கவுந்து கெடக்குதுங்கறேன், கடலப் போயி கேக்கறீங்களே!"

கழற்றி வைத்திருந்த லென்ஸ் மூடியை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு பிளவுக்குள் இறங்கிவிட்டது. முனுசாமி தண்ணீர் குடிக்கக் கொண்டுவந்த பித்தளை டம்ளரை லென்சில் கவிழ்த்து மூடி, திறந்து, வாய்க்குள் எண்ணி, மறுபடி மூடி, அடைத்துவந்த பிளேட்டுகள் அத்தனையிலும் அந்தக் கோட்டை எடுத்தேன். பாத்திரக் கடைக்காரன் என்பதை மலை உச்சியில் போயும் நிரூபித்தேன்.

சாயங்காலம் இருட்டறையில் முதல் பிளேட்டை மருந்தில் போட்டோம். கறுத்தது. இன்னும் கறுத்தது. அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் போட்டபோது கோதண்டம் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

"டேய், இது மலையில வெளிச்சம் பட்டது இல்ல. இதுக்கு முன்னாடியே எவனோ வெட்ட வெளியில வெச்சு சூரியனக் காட்டியிருக்கான். இத பாரு, எல்லாத்துலயும் மூலையில ஒரு பொட்டு, அங்க மட்டும் கறுக்கல."

பொட்டு! பொட்டு வைக்கிற ஆள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். வீட்டுக்கு ஓடினேன். சரோஜா வாசலிலேயே நின்றாள்.

"வந்துச்சுங்களா கடலு?"

"அந்தப் பெட்டிய நீ தொறந்தியா?"

"தொறக்காம? மூடின வாயோட சாமி முன்னாடி எதையும் வெக்கக் கூடாதே. உங்க வீட்டு வழக்கந்தானே? கடல எடுத்தாரப் போற சாமானுக்குப் பொட்டு வெக்காம அனுப்பலாமா? கறுப்புக் காயிதத்தப் பிரிச்சு, ஒண்ணொண்ணா வெச்சேன். நடுவுல வெச்சா படத்துல வுழும்னு மூலையில வெச்சேன். ஈரம் ஒட்டிக்குமேன்னு முத்தத்துல செத்த நேரம் வெயில்ல காய வெச்சு, பழையபடி மடிச்சு வெச்சுட்டேன்."

"யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னேனே!"

"அதான் வேற யாரையும் வுடல. தலைக்குக் குளிச்சிட்டு நானே தொட்டேன்."

சிவப்பு விளக்கில் குங்குமம் கண்ணுக்குத் தெரியவில்லை. எவ்வளவு சுத்தபத்தமாகச் செய்திருக்கிறாள்! நான் பிளேட்டு, வெளிச்சம், மருந்து என்று சொல்லச் சொல்ல, அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் சின்னக் குரலில் கேட்டாள்: "அப்ப, கடல நானே அழிச்சிட்டனா?"

"இல்ல, இல்ல" என்று உளறினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் கோதண்டம் ஒரு பிளேட்டைக் காகிதத்தில் பிரிண்டு போட்டுக் கொடுத்தான், கேலிக்காக. முழுக்க வெள்ளைக் காகிதம். மூலையில் மட்டும் கறுப்பாக ஒரு விரல் தடம். சரோஜாவின் மோதிர விரல். ரேகை ரேகையாக, வளைந்து வளைந்து, அலை மாதிரி. பெரிய பிளேட்டு இல்லையா, அவ்வளவு தெளிவு. கடையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா வந்தது தெரியவில்லை.

"இன்னாடா அது?"

குடம் நசுங்கியிருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்னவோ வேறு வந்துவிட்டது.

"சரோஜா வெரலு நைனா. அது கடலப் பாக்கணும்னு ஏங்குது. தூங்கறதில்ல, தலகாணி நனைஞ்சு கெடக்குது. அதுக்குக் காட்டறதுக்குத்தான் மலையேறிப் படம் எடுத்தேன், எல்லாம் பாழாப்போச்சு. என்னால முடியாது நைனா. நான் அதக் கடலூருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கடையில் இருந்த பாத்திரம் அத்தனையும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. நைனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இதக் கேக்கறதுக்காடா மலை ஏறின?"

தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நானும் யாராச்சும் கேப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். நானா எப்பிட்றா சொல்லுவேன்? பாயசத்துக்குக் கோச்சுக்கிட்டவன் ஆச்சே."

மறுநாள் முதல் பஸ். என் மடியில் கடையிலேயே பெரிய பித்தளை அண்டா, என் ஒத்திகையையெல்லாம் கேட்டிருந்த அதே அண்டா. சம்பந்திக்கு நைனாவின் சீர். "அடுத்த கல்யாணத்துலயாவது பாயசம் பத்தாம போவக் கூடாதுன்னு சொன்னேன்னு சொல்லு" என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பினார். கண்டக்டர் அண்டாவுக்குத் தனி டிக்கெட் வாங்கச் சொன்னதும் விழுப்புரத்தில் அதை உருட்டிக்கொண்டு அடுத்த வண்டிக்கு ஓடியதும் உங்கள் கற்பனைக்கு.

கடலூரில் இறங்கியதும் சரோஜா வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடலுக்குப் போனாள். செருப்பை உதறிவிட்டு ஓடினாள். முழங்கால் வரை நனைய நின்று, திரும்பி என்னைப் பார்த்து எதையோ கத்தினாள். அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மணலில் நின்றேன். கையில் கேமரா இல்லை. உலகத்திலேயே நான் எடுத்திருக்க வேண்டிய ஒரே படம் அதுதான்.

"இன்னா சொன்ன அன்னிக்கு?" என்று பின்னால் பலமுறை கேட்டிருக்கிறேன். "யாருக்கு ஞாபகம்?" என்று விடுவாள். பதிலுக்கு அவளும் ஒன்று கேட்பாள்: "நெசமாவே மேல கடல் தெரிஞ்சுதா?" தெரிந்தது என்றுதான் எப்போதும் சொன்னேன். ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றும் சொன்னேன். பிள்ளைகள் வந்தார்கள், கடை பெரிதானது, முழங்கால் வலி வந்தது. கூப்பிட்டிருந்தால் அவள் வந்திருப்பாள்.

அந்த வெள்ளைப் படம் சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வீட்டில் யார் எதைக் கேட்கத் தயங்கிச் சுற்றி வளைத்தாலும், "மலை ஏறாத, வாயத் தொற" என்பார்கள். சைக்கிள் வேண்டும் என்று பேரன் கணக்கு மார்க்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் இதுதான். என் பெண் தனக்குப் பிடித்த பையனைப் பற்றிச் சொல்ல வந்தபோது, சரோஜாவே அந்தப் படத்தைக் காட்டி இதைச் சொல்லிச் சிரித்தாள்.

சரோஜா போன வருஷம் போய்விட்டாள். இந்த ஐப்பசியில் மழை விட்ட மறுநாள், நான் கடைக்கு வந்து, இருக்கிற அண்டாக்களையெல்லாம் துடைக்க ஆரம்பித்தேன். அடுத்த நாளும் துடைத்தேன். விழுப்புரம் ரோடு இப்போது எப்படி இருக்கிறது என்று மகனிடம் கேட்டேன். கடலூரில் பித்தளை என்ன விலை விற்கிறது என்று கேட்டேன். அவன் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"நைனா, மலை ஏறாத. வாயத் தொற."

திறந்தேன். "கடலூருக்குப் போவணும்டா. உங்கம்மா நின்ன எடத்துல கொஞ்ச நேரம் நிக்கணும்."

அவன் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினான்.

"நானும் யாராச்சும் கேப்பீங்கன்னுதான் நைனா பாத்துக்கிட்டிருந்தேன்."